மூடி பூட்டினால்தான் ஓடும்

தண்ணீர் கொதிக்கப் பதினோரு நிமிஷம் என்று மிஷின் சொன்னது. வாயைத் திறந்து சொல்லவில்லை. நெற்றியிலிருந்த சின்னத் திரையில் எழுதிக் காட்டியது, காட்டிய கையோடு ஒவ்வொரு நொடியாகக் குறைக்கவும் ஆரம்பித்தது. மருதாசலம் சமையல் மேடையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்து நின்றார். அடுப்பு இல்லை, தீ இல்லை, வாணலி இல்லை. மிக்ஸி ஜாடிக்குக் கொஞ்சம் சதை போட்ட மாதிரி ஒரு ஸ்டீல் பாத்திரம், அடியில் நான்கு இதழாகப் பிளேடு. பாத்திரமே சூடாகும், பிளேடே கரண்டி. நறுக்கும், அரைக்கும், கிண்டும், வேகவைக்கும். மகள் சிந்துஜா போன தை மாதம் அயர்லாந்திலிருந்து வந்தபோது இதைத்தான் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தாள், கூடவே நான்கு பாக்கெட் ஸ்பெகெட்டி. அம்மாவுக்குக் கை வேலை குறையும் என்றாள். கணபதிப் பக்கம் மிக்ஸி ஜாடி செய்கிற கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்த மனுஷனிடம் ஒரு ஜாடியைக் கொடுத்தால் என்ன செய்வார்? சமைப்பதற்கு முன்னால் கழற்றிப் பார்த்தார். பிளேடை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைத் தடவினார். ஒரு பக்கம் கூர், மறுபக்கம் மழுக்கம். முன்னால் சுற்றினால் கூர்ப்பக்கம் வெட்டும், பின்னால் சுற்றினால் மழுங்கிய பக்கம் வெறுமனே தள்ளிவிடும். யோசித்துத்தான் செய்திருக்கிறான் என்று மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டார். அவர் சபாஷ் போடுவது அபூர்வம்.

பதினோரு நிமிஷம் தாராளம். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான். துளசி, அந்தக் குச்சியைச் சொருகினது நான். அவ்வளவுதான், பேருந்து நிறுத்தத்தில் நின்று ஒருவரிடம் மணி கேட்கிற நேரம்கூட ஆகாது. முப்பத்தோரு வருஷமாக அது தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவே நிற்கிறது, வெளியே வந்தபாடில்லை. இன்றைக்கு வந்தே ஆக வேண்டும், ஏனென்றால் துளசிமணி இரண்டரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். உள்ளே அறையில் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள், தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்கிறது, தொடர்ந்து உஸ்ஸென்ற ஆவி. பட்டறைகளில் வேலை செய்யும் பெண்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள், மூன்றரைக்குக் கூட்டம். பவர் பிரஸ்ஸில் கையைக் கொடுத்தவர்கள் நாலு பேர் வந்து இளசுகளுக்குப் பேச வேண்டுமாம். இவளையும் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று நாளாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறாள், ஹாலில் உட்கார்ந்து செய்தித்தாளைத் தலைகீழாகப் படித்துக்கொண்டு இவர் கேட்கிறார். என் பேரு துளசிமணிங்க, அப்ப எனக்கு இருவத்தேழு வயசுங்க, என்னோட கவனக்குறைவாலதானுங்க ரெண்டு வெரலு போச்சுங்க. அந்த இடம் வரும்போது இவருக்குக் காது சுடும். வீட்டுக்குள் நாலு சுவருக்குள் அவள் அப்படி நம்பிக்கொண்டிருந்தது வேறு. ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் மைக்கைப் பிடித்து, போன விரலுக்கும் நானே பொறுப்பு என்று அவள் சொல்லப் போகிறாள். அதைத் தாங்க முடியாது. கட்டின மனுஷன் கல்லுப்பிள்ளையார் மாதிரி வீட்டில் உட்கார்ந்திருக்க, அவள் அங்கே போய்ச் சொல்லப் போகிறாள்.

ஒன்பது நிமிஷம். சோற்றுக்கு அரிசி களையப் போனவளை, இன்னிக்கு நான் செய்யறேன், நீ போய்ப் புடவையைப் பாரு என்று அனுப்பியதும் இதற்காகத்தான். வயிறு நிறைந்திருந்தால் எதையும் கொஞ்சம் நிதானமாகக் கேட்பாள் என்று ஒரு கணக்கு. ஸ்பெகெட்டி அவளுக்குப் பிடிக்கும் என்பதும் இவருக்கு மட்டும் தெரிந்த சமாச்சாரம். சிந்துஜா வந்திருந்தபோது மாப்பிள்ளையின் நண்பர்கள் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார்கள். எல்லாரும் முள்கரண்டியை ராட்டை மாதிரி சுழற்றிச் சுருட்டிச் சாப்பிட்டார்கள். துளசிமணி வலதுகையை மடிமேல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, எனக்கு இதெல்லாம் ஆகாதுங்க, மோர் இருந்தாப் போதும் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்ததை மறுநாள் காலையில் சமையலறையில் நின்றபடி கையால் அள்ளி அள்ளித் தின்றாள். இவர் தண்ணீர் குடிக்க வந்தவர் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டார். வாயெல்லாம் சிவப்புச் சாறு, அவ்வளவு ருசியாகத் தின்றாள். கட்டைவிரல், அப்புறம் ஒரு வெற்றிடம், அப்புறம் மோதிரவிரல், சுண்டுவிரல். அந்தக் கையால் அவள் பூத் தொடுப்பாள், ஊசியில் நூல் கோப்பாள், மகளுக்கு ஜடை பின்னினாள். முள்கரண்டி மட்டும்தான் முடியவில்லை. அந்த முள்கரண்டியையும் முடியாமல் செய்தது நான்தானே என்று ஹோட்டலிலிருந்து பஸ்ஸில் வரும்போது நினைத்தார், நினைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில் மருதாசலம் கெட்டிக்காரர்.

தக்காளிச் சாறு பக்கத்துக் கிண்ணத்தில் தயாராக இருந்தது, பூண்டு கொஞ்சம் கூடுதல், அவளுக்காக இரண்டு பச்சைமிளகாயும். தொட்டு நாக்கில் வைத்தார், உப்பு சரி. எட்டு நிமிஷம். பவர் பிரஸ் என்பது பெரிய சங்கதி இல்லை, மேலேயிருந்து ஒரு இரும்பு இறங்கி, கீழேயிருக்கிற தகட்டை ஒரே குத்தில் வட்டமாக வெட்டும். அது இறங்கும்போது கை உள்ளே இருக்கக்கூடாது, அதற்காக இரண்டு பச்சைப் பட்டன், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே வைக்க மூன்றாவது கை யாருக்கும் இல்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் தகட்டை வைத்து, கையை எடுத்து, இரண்டு பட்டனையும் தேடி அமுக்கி, மறுபடி எடுத்து என்று போனால் ஒரு ஷிப்டில் வருகிற உருப்படி குறையும். தீபாவளிக்கு முந்தின மாதம், லாரி வாசலில் நிற்கிறது, மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து பார்க்கிறார். வலது பட்டனை அமுக்கிப் பிடித்து அதன் ஓரத்தில் ஒரு தீக்குச்சியைச் சொருகிவிட்டால் அது அமுங்கினபடியே நிற்கும். அப்புறம் இடதுகையால் பட்டன், வலதுகையால் தகடு, வேலை பறக்கும். எல்லாப் பட்டறையிலும் உள்ளதுதான். பிரஸ் ஓட்டுகிற பெண்கள் தாங்களாகச் செய்யவில்லை, செய்யச் சொல்லவும் இல்லை. சூப்பர்வைசர் மருதாசலம் ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் பிரஸ்ஸிலிருந்து எட்டாம் நம்பர் வரை நடந்துபோய் ஒவ்வொன்றாகச் சொருகினார். சொருகுமுன் குச்சியின் மருந்துத் தலையைக் கிள்ளி எறிந்தார், உரசிப் பற்றிக்கொண்டால் ஆபத்து என்று. அந்த ஜாக்கிரதையை நினைத்தால்தான் இன்றைக்கும் அவருக்குத் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஐந்தாம் நம்பர் துளசிமணி. காலை டீ முடிந்து பதினொன்று இருக்கும். பத்தடி தள்ளி இவர் நின்றுகொண்டிருந்தார். தகடு கோணலாக உட்கார்ந்துவிட்டது, அதை நேராக்க வலதுகை உள்ளே போனது, இடதுகை பழக்கத்தில் பட்டனைத் தேடிப் போனது. இரண்டையும் பார்த்தார். கத்தியிருக்கலாம். வாய் திறந்ததும் நினைவிருக்கிறது, சத்தம் வரவில்லை. மற்றவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்கள். இவர் என்ன செய்தார்? எட்டு பிரஸ்ஸிலும் குச்சியைப் பிடுங்கினார். ஏழு குச்சி கையில் வந்தது. ஐந்தாம் நம்பரில் குச்சி இல்லை. தரையைத் துடைப்பத்தால் கூட்டிப் பார்த்தார், தகட்டுத் துண்டு, எண்ணெய், இன்னது என்று சொல்ல வேண்டாத மற்றதும். குச்சி மட்டும் இல்லை. மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்து பட்டன்களை அமுக்கிப் பார்த்தார், எல்லாம் டக் டக்கென்று மேலே வந்தன. ஆப்பரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதினார், சாட்சியாக மருதாசலம் கையெழுத்துப் போட்டார். குச்சி அதிர்வில் தானாக விழுந்து எங்கேயோ போயிருக்க வேண்டும், வேறென்ன. பதினாலு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டார். இவருடைய அம்மா நாலு நாள் சாப்பிடவில்லை. கல்யாணத்தன்று பந்தியில் ஆரம்பித்தது அந்தப் பேச்சு: மருதாசலத்துக்குப் பெரிய மனசு. அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் தோளைத் தட்டி அதைச் சொல்லிவிடுவார்கள். பெரிய மனசுங்க உங்களுக்கு. இவர் சிரிப்பார், வெற்றிலை எடுப்பார், ஜன்னலைத் தேடுவார்.

மிஷின் பாட்டுப் பாடியது. கல்யாணமண்டப லிப்ட் மாதிரி ஒரு இழவெடுத்த பாட்டு. பதினோரு நிமிஷமும் போய்விட்டது, வாக்கியம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சரி, வேகிற நேரம் இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. மகள் அனுப்பிய குரல் செய்தியை மறுபடி போட்டார். "அப்பா, மூடியைத் தெறக்காதீங்க. மூடி பூட்டினாத்தான் ஓடும். நடுவுல இருக்கற ஓட்டை வழியா ஸ்பெகெட்டியை நட்டமா நிறுத்தி விடுங்க, மேல ஒரு ஜாண் நீட்டிட்டு நிக்கும், பயந்துக்காதீங்க, வேக வேக அதுவே உள்ள போயிரும். ரிவர்ஸ் பட்டன் முக்கியம். ஒருக்கா நிறுத்தினா மறுக்கா அமுக்கோணும், மறந்துட்டா நறுக்கிரும்." கைப்பிடி ஸ்பெகெட்டியை எடுத்து ஓட்டையில் இறக்கினார். சொன்னபடியே நின்றது, மஞ்சள் குச்சிகளின் ஒரு கட்டு, மூடிக்கு மேல் விறைப்பாக. ரிவர்ஸை அமுக்கினார், வேகம் ஒன்று. திரையில் அம்புக்குறி இடதுபக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், விரலை வைத்து மறுபடி பார்த்தார். மூடி பூட்டினால்தான் ஓடும். நல்ல ஏற்பாடு. மூடியின் ஓரத்தில் ஒரு சின்ன நாக்கு உள்ளே இருக்கிற சுவிட்சை அமுக்குகிறது, அவ்வளவுதான் விஷயம். அந்த நாக்குக்குப் பதில் ஒரு குச்சியை விட்டு அமுக்கினால் மூடி இல்லாமலே ஓட்டிவிடலாம் என்று கண் தானாகவே கண்டுபிடித்துவிட்டது. மிஷின் வந்த அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டது. அந்தக் கண்ணை என்ன செய்வது? வேலையை விட்டு ஆறு வருஷமாகிறது, கண் இன்னும் ஷிப்டில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த ஓட்டையும் பிடிக்கவில்லை. வழக்கமாக அதை ஒரு சின்னக் கப் மூடியிருக்கும், இப்போது குச்சிகள் நிற்பதால் மூட முடியாது, கீழே பிளேடு சுற்றுகிறது. போன வாரம் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் நடுவிரலை விட்டு அளந்து பார்த்தார். எட்டவில்லை, அரை ஜாணுக்கு மேல் இடைவெளி. எட்டாது என்று தெரியும். தெரிந்தும் இன்னொரு தடவை விட்டுப் பார்த்தார்.

கட்டு ஒரு விரற்கடை இறங்கியது. கீழே வெந்தது வளைய, மேலே நிற்பது மெல்ல மெல்லச் சாய்ந்து சுற்ற ஆரம்பித்தது, சோம்பேறி மாதிரி. எட்டு நிமிஷம். துளசி என்று கூப்பிட்டார். குரல் வெளியே வந்ததா என்று அவருக்கே சந்தேகம். சொன்னால் என்ன செய்வாள்? அழமாட்டாள், அவள் அழுகிற ரகம் இல்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, இத்தனை வருஷம் ஒரே படுக்கையில் படுத்தவனை முதல்தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள். பயம் அதற்குத்தான். பாவம் பார்த்துக் கட்டிக்கொண்டான் என்று அவள் நினைத்திருப்பாள், அதுவாவது கௌரவம். கணக்குத் தீர்க்கக் கட்டிக்கொண்டான் என்று தெரிந்தால்? முதல் வருஷம் அப்படித்தான் இருந்தது, அதை மறைத்து என்ன. அப்புறம் எப்போது மாறியது என்று இவருக்கே தெரியாது, ஒருநாள் அவள் ஊருக்குப் போயிருந்தபோது வீடு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதையெல்லாம் ஏழு நிமிஷத்தில் எப்படிச் சொல்வது? சொல்லாமலே விட்டால்? அவள் போவாள், பேசுவாள், கைதட்டுவார்கள், ஐந்தரை பஸ்ஸில் வந்துவிடுவாள், ராத்திரி தோசை. ஒன்றும் ஆகாது. முப்பத்தோரு வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே. அந்த நினைப்பு வந்ததும் தன்மேலேயே ஒரு கசப்பு எழுந்தது. அவர் திரும்பினார், வாசலில் துளசிமணி நின்றாள். இஸ்திரி போட்ட பச்சைப் புடவை, ஈரம் காயாத தலை. நேராக மேடைக்கு வந்தாள்.

"என்னுங்க இது, பாதி வெளிய நிக்குது," என்றபடி வலதுகையை நீட்டி, மிச்சமிருந்த விரல்களால் குச்சிகளை ஓட்டைக்குள் அமுக்கப் போனாள்.

"கைய எடு!"

அந்தச் சத்தம் தன்னுடையது என்று மருதாசலத்துக்குத் தெரிய ஒரு கணம் ஆனது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் மணிக்கட்டை அவர் பிடித்திருந்தார், மறுகையால் மிஷினை நிறுத்தியிருந்தார்.

துளசிமணி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. மூடியில் நிற்கிற மஞ்சள் குச்சிகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இதுலயும் குச்சி சொருகீட்டீங்களா," என்றாள்.

மிஷினுக்குள் தண்ணீர் மட்டும் குமுறிக்கொண்டிருந்தது. அவர் மெல்லக் கையை விட்டார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏனுங்க, என்ற மிஷின்ல என்ற கண்ணு முன்னாடிதானுங்களே சொருகுனீங்க. மருந்தைக் கிள்ளிக் கீழ போட்டீங்க. நாந்தான் மிதிச்சு அக்கட்டத் தள்ளுனேன்."

ஆமாம். அவள் எதிரில்தான். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவருக்கு அது தோன்றவில்லை. குச்சி, பட்டன், தன் விரல், எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அந்த மிஷினுக்கு முன்னால் ஒரு ஆள் நின்றது ஞாபகத்தில் இல்லை. எப்பேர்ப்பட்ட மனுஷன் நான் என்று நினைத்தார்.

"அஞ்சாம் நம்பர்ல குச்சியே இல்லை. நான் தேடினேன்."

"நாந்தான் எடுத்தேன். இந்தக் கையில," இடதுகையைக் காட்டினாள். "குச்சி இருந்தா நாந்தான் சொருகுனேன், என்ற தப்புன்னு எழுதிருவாங்கன்னு எடுத்துட்டேன். வெக்க எடமில்லாம வாயில போட்டுட்டேன். ஆஸ்பத்திரி வரைக்கும் அதைத்தான் கடிச்சுட்டுப் போனேன். அப்புறமும் என்ற தப்புன்னுதான் எழுதுனாங்க. நீங்களும் கையெழுத்துப் போட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பால்காரன் வராத நாளைச் சொல்கிற குரல்தான். அதற்குத்தான் அவருக்குக் கண் கலங்கியது.

"தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்ட?"

"பொண்ணு கேக்க வந்தப்ப காப்பி டம்ளரைப் புடிக்க முடியாம நடுங்குனீங்க. நடுங்கற ஆளு மறுக்கா எவளுக்கும் குச்சி வெக்கமாட்டான்னு நெனச்சேன்." மேடையில் கிடந்த பூண்டுத்தோலை ஒதுக்கினாள். "அப்ப கோவமும் இருந்துதுங்க. ரொம்ப வருசம் இருந்துது. சிந்து பொறந்து நடக்கற வரைக்கும் இருந்துது. பெரிய மனசு பெரிய மனசுன்னு ஊரு சொல்றப்பெல்லாம் எந்திரிச்சுச் சொல்லீரலாமான்னு வரும்."

"அப்புறம் ஏன் கவனக்குறைவுன்னு சொல்லிப் பாக்கற? மூணு நாளாக் கேக்கறேன்."

"நீங்க ஹால்ல இருந்தா அப்படிச் சொல்லிப் பாத்தேன். நீங்க பால் வாங்கப் போனா வேற மாதிரி சொல்லிப் பாத்தேன்." மிஷினை மோவாயால் காட்டினாள். "இதை ஓட்டுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மருதாசலம் ஓட்டினார். வேகம் ஒன்று.

"குச்சி சமாச்சாரத்தைச் சொல்லத்தான் போறேன்," என்றாள் துளசிமணி. "இன்னைக்கும் அந்தப் புள்ளைங்க பிரஸ்ல குச்சி இருக்குதுங்க. உங்க பேரைச் சொல்றதா வேண்டாமான்னுதான் ரோசனை. பேரில்லாம யாரோ ஒரு சூப்பர்வைசருன்னு சொன்னா, அவன் கெட்டவன், நம்ம சூப்பர்வைசர் நல்லவருன்னு நெனச்சுக்குவாங்க. கெட்டவன் சொருகீருந்தா நானே புடுங்கி வீசியிருப்பேன். நீங்க நல்லவருன்னுதானே உட்டேன்."

சொல்வதற்கு அந்த வாக்கியம்கூட இப்போது மிச்சமில்லை, அதை அவளே சொல்லிவிட்டாள். மேலே நீட்டிக்கொண்டிருந்த குச்சிகள் திடீரென்று வேகமாக இறங்கின. உள்ளே நறநறவென்று ஒரு சத்தம், அப்புறம் சத்தமே இல்லை. இவ்வளவு சீக்கிரம் வெந்துவிட்டதா என்று நினைத்தவர், திரையைப் பார்த்ததும் தலையில் கைவைத்தார். அம்புக்குறி வலதுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று தடவை சரிபார்த்தவர், நிறுத்தி ஓட்டியபோது ரிவர்ஸை அமுக்கவில்லை.

அவசரமாக அமுக்கினார். இனி அமுக்கி என்ன. மிச்சத்தை வேகவிட்டு, மூடியைத் திறந்து, வடிகட்டித் தட்டில் போட்டபோது சேமியா உப்புமாதான் வந்தது. அங்கங்கே ஒன்றிரண்டு முழு நீளம் தப்பியிருந்தது. தக்காளிச் சாற்றை ஊற்றினார். "கெடுத்துட்டேன்," என்றார்.

துளசிமணி தட்டை இழுத்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வலதுகையால் ஒரு வாய் அள்ளினாள். கட்டைவிரலும் மோதிரவிரலும் சேர்ந்த அந்தப் பிடியில் துண்டுகள் சிந்தாமல் வந்தன. மென்றாள். மறுபடி அள்ளினாள்.

"எனக்கு இதுதானுங்க தோது," என்றாள். "அந்த நீளத்தை வெச்சுட்டு யாரு மாரடிக்கறது."

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். மணி ஒன்றே முக்கால். அவள் பாதித் தட்டு காலி செய்கிற வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், ஜன்னலைத் தேடவில்லை.

"பேரைச் சொல்லு," என்றார். "மருதாசலம்னு சொல்லு. எந்த ஊரு, எந்த வருசம், எல்லாம் சொல்லு."

"அப்புறம் உங்களைப் பெரிய மனசுன்னு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க."

"சொல்ல வேண்டாம். நானும் வர்றேன்."

"வாங்க," என்றாள், வாயில் மென்றுகொண்டே. "பின்னாடி உக்காருங்க. முன்னாடி உக்காந்தீங்கன்னா எனக்குப் பேச்சு வராது. சட்டையை மாத்தீட்டு வாங்க, தக்காளி தெறிச்சிருக்குது."

குனிந்து பார்த்தார், தெறித்துத்தான் இருந்தது. அவருக்கு ரொம்பப் பசித்தது. இன்னொரு தட்டை எடுத்துத் தனக்கும் போட்டுக்கொண்டார்.